முப்பது நொடிக் கோடு: வீட்டிலேயே ஏ.எஃப். பார்க்கும் கருவிகள் ஒரு மதிப்பாய்வு

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (சுருக்கமாக ஏ.எஃப்.) என்பது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது; அங்கே ரத்தம் உறைந்து கட்டியானால் பக்கவாதம் வரலாம். பலருக்கு இது வந்து வந்து போகும் நோய். நெஞ்சு படபடத்ததும் கிளம்பி மருத்துவமனைக்குப் போய், சீட்டு வாங்கி, ஈ.சி.ஜி. கட்டிலில் படுப்பதற்குள் இதயம் பழைய தாளத்துக்குத் திரும்பியிருக்கும். கையில் வரும் தாளில் ‘நார்மல்’ என்று இருக்கும். படபடத்த நேரத்துக்கும் பதிவு எடுத்த நேரத்துக்கும் நடுவே இருக்கும் இந்த ஓட்டையை அடைக்கத்தான் விரல் வைக்கும் ஈ.சி.ஜி. பட்டைகளும், ஈ.சி.ஜி. எடுக்கும் கைக்கடிகாரங்களும், ஏ.எஃப். குறி காட்டும் ரத்த அழுத்தக் கருவிகளும் வந்தன.

இங்கே பார்க்கப்போவது இந்த மூன்று வகையையும். பட்டை வகைக்கு அலைவ்கோர் நிறுவனத்தின் கார்டியா மொபைல், கடிகார வகைக்கு ஆப்பிள் வாட்ச் இரண்டையும் முக்கியமாக எடுத்துக்கொள்கிறோம். இரண்டின் மீதும் பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அவ்வப்போது படபடப்பு வந்து காரணம் பிடிபடாதவருக்கும், ஏ.எஃப். ஏற்கெனவே உறுதியாகி சிகிச்சையில் இருப்பவருக்கும் இவை அருமையான கருவிகள். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு ‘பக்கவாதத்தைத் தடுக்கும்’ என்று சொல்லி விற்பதை ஆய்வுகள் தாங்கவில்லை.

இரண்டு வேறு தொழில்நுட்பங்கள், ஒரே பெயர்

கடிகாரத்தின் அடியில் மின்னும் பச்சை விளக்கு ஈ.சி.ஜி. அல்ல. தோலுக்குள் ஒளியை அனுப்பி, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் பாய்வதால் திரும்பி வரும் ஒளி எவ்வளவு மாறுகிறது என்று அளப்பது அது. அதற்குத் தெரிவது நாடியின் இடைவெளி மட்டும். இடைவெளிகள் தாறுமாறாக இருந்தால் ‘சீரற்ற தாளம்’ என்று எச்சரிக்கும். இடையிடையே முந்திக்கொண்டு வரும் சாதாரணத் துடிப்புகளும் அதே குழப்பத்தை உண்டாக்கலாம்.

ஈ.சி.ஜி. என்பது இதயத்தின் மின்னோட்டத்தையே எழுதுவது. அதில் இடைவெளியோடு மேலறை சுருங்குவதைக் காட்டும் ‘பி’ அலையையும் தேட முடியும். ஏ.எஃப். என்றால் இரண்டும் சேர்ந்து வர வேண்டும்: துடிப்புகளுக்கு நடுவே எந்த ஒழுங்கும் இருக்கக் கூடாது, ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் வரவேண்டிய பி அலையும் காணாமல் போயிருக்க வேண்டும். அதனால்தான் ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 12 லீட் ஈ.சி.ஜி.யோ (லீட் என்பது இதயத்தை ஒரு கோணத்திலிருந்து பார்த்து எழுதும் கோடு) குறைந்தது 30 நொடி ஓடும் ஒற்றை லீட் பதிவோ இருந்து, அதை மருத்துவர் பார்த்து உறுதிசெய்தால்தான் நோயறிதல் என்றது. பச்சை விளக்கின் எச்சரிக்கை ஒரு சந்தேகம், அவ்வளவுதான். அதை வைத்து யாரும் மாத்திரை தொடங்கக் கூடாது. கடையில் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை என்பது இந்தச் சந்தையின் முதல் குறை.

கார்டியா மொபைல்

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி இந்த வகைக்கு முதலில் கிடைத்தது 2012இல். பழைய மாதிரியில் இரண்டு உலோகத் தகடுகள் இருக்கும். இரண்டு கை விரல்களையும் வைத்தால் ‘லீட் ஒன்று’ எனப்படும் ஒற்றைக் கோடு கிடைக்கும். 2019இல் வந்த ‘ஆறு லீட்’ மாதிரியில் அடியில் மூன்றாவது தகடு உண்டு. அதை இடது முழங்காலிலோ கணுக்காலிலோ வைத்து, மேலே இரு கை விரல்களையும் வைத்தால் ஆறு லீட் வரும். மூன்று தொடும் இடங்களிலிருந்து கணக்குப் போட்டுப் பெறப்படும் ஆறு அவை. நெஞ்சில் ஒட்டும் லீட் எதுவும் இதில் இல்லை. ஆகவே மாரடைப்பை இந்தக் கருவியால் கண்டுபிடிக்க முடியாது. நெஞ்சு வலிக்கும்போது இதை எடுத்துப் பார்த்து ‘நார்மல்’ என்று வந்ததால் வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் இந்தக் கருவியால் விளையக்கூடிய மிகப் பெரிய ஆபத்து.

ஆறு லீட் மாதிரிக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீணா? இல்லை. பி அலை லீட் ஒன்றில் பலருக்கு மிகச் சிறியது, லீட் இரண்டில் நன்றாகத் தெரியும். பி அலை இருக்கிறதா இல்லையா என்பதுதானே கேள்வி. பழைய இரண்டு தகட்டு மாதிரி வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு: ஒரு தகட்டில் வலது கை விரல், இன்னொரு தகட்டை இடது முழங்காலின் வெறுந்தோலில் அழுத்தினால் லீட் இரண்டுதான் பதிவாகும். இந்த ஒரு வித்தையே பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும்.

பழைய மாதிரி போனுடன் பேசுவது புளூடூத்தில் அல்ல. காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியை அனுப்பி, போனின் மைக் வழியாக உள்ளே செலுத்துகிறது. மைக்கை மூடும் உறை, பக்கத்தில் ஓடும் தொலைக்காட்சி, போனுக்கும் கருவிக்கும் ஒரு அடிக்கு மேல் தூரம், எது இருந்தாலும் பதிவு பாதியில் அறுந்துபோகும். ‘கருவி கெட்டுவிட்டது’ என்ற புகார்களில் பல இந்த இடத்தில் முடியும். ஆறு லீட் மாதிரி புளூடூத்தில் இயங்குவதால் இந்தத் தலைவலி இல்லை. இரண்டுக்கும் நாணய வடிவ சி.ஆர். 2016 பேட்டரிதான். சார்ஜ் போட வேண்டிய அவசியமில்லாதது வயதானவர்களுக்குப் பெரிய வசதி.

செயலியின் அமைப்புகளுக்குள் ‘மெயின்ஸ் ஃபில்டர்’ என்று ஒன்று இருக்கும். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று அதில் சரியாகக் குறிக்க வேண்டும். தவறாக இருந்தால் கோடு முழுக்க ரம்பப்பல் போல நுண்ணிய நடுக்கம் தெரியும். வாங்கிய அன்றே பார்த்துவிட வேண்டியது இது.

பேஸ்மேக்கர், உள்வைத்த டிஃபிப்ரிலேட்டர் (ஆபத்தான தாளத்தை மின்னதிர்ச்சி கொடுத்துத் திருத்தும் கருவி) உள்ளவர்களுக்கு இதைத் தயாரிப்பாளரே பரிந்துரைப்பதில்லை. அவர்களில் பலருக்கு இது தேவையும் இல்லை. மேலறையில் கம்பி உள்ள கருவி என்றால், அதுவே மேலறையின் தாளத்தை நாள் முழுவதும் குறித்துக்கொண்டிருக்கும்.

பதிவு எடுக்கும் முறை

உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, இரண்டு முழங்கைகளும் மேசையிலோ தொடையிலோ படிய இருக்க வேண்டும். போன் சார்ஜரில் செருகியிருந்தால் கழற்றிவிடவும். விரல் காய்ந்திருந்தால் துளி தண்ணீர் தொட்டு ஈரமாக்கலாம். எண்ணெய், கிரீம் ஏதாவது பூசியிருந்தால் துடைத்துவிட வேண்டும். தகட்டை அழுத்திப் பிடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அழுத்தினால் முன்கைத் தசை இறுகி, அந்தத் தசையின் மின்னோட்டமும் கோட்டில் ஏறிவிடும். விரல் சும்மா படிந்திருந்தால் போதும். முப்பது நொடியும் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது.

கை நடுக்கம் உள்ளவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். பார்க்கின்சன் நோயின் நடுக்கம் நொடிக்கு 4 முதல் 6 தடவை வரும். நிமிடக் கணக்கில் 240 முதல் 360. மேலறை சீராக, ஆனால் மிக வேகமாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃப்ளட்டர் என்ற நோயில் அந்த வேகம் கிட்டத்தட்ட 300. இரண்டும் கோட்டில் ஒன்றுபோலவே தெரிந்து, இல்லாத நோயைக் காட்டும். இவர்களுக்குக் கையில் பிடிக்கும் கருவியே சரிவராது. நெஞ்சில் ஒட்டும் பேட்ச் வகைதான் நம்பகமானது.

படபடப்பு வந்தால் ஒரு பதிவோடு நிறுத்தாமல், தொடக்கத்தில் ஒன்று, பத்து நிமிடம் கழித்து ஒன்று, அடங்கியதும் ஒன்று என்று மூன்று எடுப்பது நல்லது. அடங்கிய பின் எடுத்த பதிவுக்கு மருத்துவரிடம் தனி மதிப்பு உண்டு: அதே மனிதரின் பி அலை சாதாரண நேரத்தில் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். ஒவ்வொன்றிலும் என்ன உணர்ந்தீர்கள் என்று இரண்டு சொல் குறிப்பு எழுதி, பி.டி.எஃப். ஆக வைத்துக்கொள்ளவும். போன் திரையைப் படம் பிடித்து அனுப்பினால் கட்டங்களின் அளவு தெரியாமல் போய்விடும், மருத்துவருக்கு வேகத்தைக் கணக்கிட வழியில்லை.

‘வகைப்படுத்த முடியவில்லை’

இந்தக் கருவிகளின் மீதான எரிச்சலில் பெரும்பங்கு இந்த ஒரு பதிலுக்குத்தான். ஆப்பிள் 2018இல் அனுமதி பெற்றபோது கொடுத்த ஆய்வில், வகைப்படுத்த முடிந்த பதிவுகளில் ஏ.எஃப். இருப்பதை 98.3 சதவீதமும், இல்லாததை 99.6 சதவீதமும் சரியாகச் சொன்னது. விளம்பரத்தில் வருவது இந்த எண்கள். அதே ஆய்வில் 12.2 சதவீதப் பதிவுகளை இயந்திரம் வகைப்படுத்தவே இல்லை என்பது சிறு எழுத்தில் இருக்கும். பதில் சொல்ல மறுத்த கேள்விகளை நீக்கிவிட்டு மதிப்பெண் போட்டால் யாருக்கும் நல்ல மதிப்பெண்தான் வரும்.

மருத்துவமனைக்கு வரும் உண்மையான நோயாளிகளிடம் நிலைமை இன்னும் கடினம். ஆப்பிள், சாம்சங், விதிங்ஸ், ஃபிட்பிட் கடிகாரங்களையும் கார்டியா மொபைலையும் ஒரே 201 பேரிடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த சுவிட்சர்லாந்தின் பாசல் ஆய்வில் (2023), வகைப்படுத்த முடியாத பதிவுகள் கருவிக்குக் கருவி 17 முதல் 26 சதவீதம் வரை இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை மருத்துவர் கண்ணால் பார்த்தபோது படிக்க முடிந்தது. ஆக, கோடு நன்றாகவே இருக்கிறது. தடுமாறுவது அதைப் படிக்கும் மென்பொருள். கருவியை மதிப்பிடும்போது இந்த இரண்டையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். கோட்டுக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம், தீர்ப்புக்கு நடுத்தரம்தான்.

ஏன் வகைப்படுத்த முடியாமல் போகிறது? தசை நடுக்கம் ஒரு காரணம். வேகம் இன்னொன்று: கார்டியாவின் அடிப்படை வகைப்பாட்டில் ‘நார்மல்’ என்பது நிமிடத்துக்கு 50க்கும் 100க்கும் இடைப்பட்டது. ஆப்பிளின் முதல் பதிப்பு 120க்கு மேல் போனால் ஏ.எஃப். பார்க்காது, இரண்டாம் பதிப்பு 150 வரை பார்க்கும். ஏ.எஃப். புதிதாக வந்து மருந்து எதுவும் எடுக்காதவருக்கு வேகம் 150ஐத் தாண்டுவது சாதாரணம். மிகத் தேவையான நேரத்தில் கருவி கைவிரிப்பது இதனால்தான். அடிக்கடி முந்தித் துடிப்பவர்களுக்கும், கீழறைகளுக்கு மின்னோட்டத்தைக் கொண்டுபோகும் கிளைக்கட்டில் அடைப்பு இருப்பதால் அலை அகன்று வருபவர்களுக்கும் இதே பதில் வரலாம்.

இதன் மறுபுறம் இன்னும் கவனிக்க வேண்டியது. ஏட்ரியல் ஃப்ளட்டரில் மேலறையின் நான்கு துடிப்புக்கு ஒன்று வீதம் கீழறைக்கு இறங்கினால், நாடி நிமிடத்துக்கு 75 என்று அழகாக, சீராக இருக்கும். இடைவெளியை வைத்துக் கணக்குப் போடும் மென்பொருள் இதை ‘நார்மல்’ என்று விட்டுவிட வாய்ப்புண்டு. ஃப்ளட்டரிலும் பக்கவாத ஆபத்து உண்டு. ஓய்வில் இருக்கும்போது நாடி எப்போதும் 150ஐ ஒட்டியே அசையாமல் நின்றாலும் ஃப்ளட்டர் நினைவுக்கு வர வேண்டும்.

கடிகாரம்

ஆப்பிள் வாட்சில் மூன்று தனித்தனி வசதிகள் இருக்கின்றன, மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, கடிகாரத்தின் பக்கவாட்டில் உள்ள சக்கரத்தில் விரலை வைத்து எடுக்கும் 30 நொடி ஈ.சி.ஜி. இது நான்காம் தலைமுறையிலிருந்து உண்டு, எஸ்.இ. மாதிரியில் கிடையாது. எந்தக் கையில் கட்டியிருக்கிறீர்கள் என்பதை அமைப்பில் தவறாகக் குறித்திருந்தால் கோடு தலைகீழாக வரும். இரண்டாவது, பச்சை விளக்கு தானாகத் தரும் சீரற்ற தாள எச்சரிக்கை. இது இடைவிடாத கண்காணிப்பு அல்ல. உடல் அசையாத நேரத்தில் அவ்வப்போது ஒரு நிமிட மாதிரி எடுத்துப் பார்க்கும். 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆறில் ஐந்து சீரற்றதாக இருந்தால்தான் எச்சரிக்கை. அரை மணி நேரம் வந்துபோகும் ஏ.எஃப். இந்த வலையில் சிக்காமலே போகலாம். ‘கடிகாரம் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் ஒன்றுமில்லை’ என்ற முடிவு செல்லாது. மூன்றாவது, 2022இல் வந்த ‘ஏ.எஃப். வரலாறு’. ஏ.எஃப். உறுதியானவர்களுக்கு மட்டுமானது. வாரத்தில் எத்தனை சதவீத நேரம் ஏ.எஃப்.பில் இருந்தீர்கள் என்ற மதிப்பீடு தரும். இதைப் போட்டால் இரண்டாவது வசதி நின்றுவிடும். ஏ.எஃப். உள்ளவர் எச்சரிக்கை வசதியை வைத்திருப்பதும், இல்லாதவர் வரலாற்றைப் போட்டுவைப்பதும் அடிக்கடி நடக்கும் பிழை. இந்த மூன்றாவது வசதியை 2024இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மருத்துவ ஆய்வுகளில் ஏ.எஃப். சுமையை (ஏ.எஃப்.பில் கழியும் நேரத்தின் பங்கை) அளக்கும் கருவியாகவே ஏற்றுக்கொண்டது. கடிகாரத்தின் உண்மையான பலம் இங்கேதான் என்பது எங்கள் கருத்து, எச்சரிக்கையில் அல்ல.

எச்சரிக்கையை எவ்வளவு நம்பலாம்? ஆப்பிள் ஹார்ட் ஆய்வில் (2019) 4,19,297 பேர் கலந்துகொண்டார்கள். எச்சரிக்கை வந்தவர்கள் 0.52 சதவீதம். 22 முதல் 39 வயதுக்காரர்களில் 0.16 சதவீதம், 65 வயதுக்கு மேல் 3.1 சதவீதம். எச்சரிக்கை வந்தவர்களுக்குப் பேட்ச் அனுப்பி ஒட்டச் சொன்னபோது, திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதத்தினருக்கே ஏ.எஃப். பதிவானது. மூன்றில் இரண்டு பங்கு பொய் என்று இதைப் படித்தால் தவறு. பேட்ச் போய்ச் சேர நாளாகும், ஏ.எஃப். அதற்குள் ஓய்ந்திருக்கலாம். பேட்ச் ஒட்டியிருந்த நேரத்தில் கடிகாரமும் எச்சரித்தபோது, அதில் 84 சதவீதம் உண்மையான ஏ.எஃப். 4,55,699 பேரை வைத்து நடந்த ஃபிட்பிட் ஆய்வில் (2022) இதே கணக்கு 98.2 சதவீதம். அங்கும் பேட்ச் ஒட்டியவர்களில் ஏ.எஃப். தெரிந்தவர்கள் 32.2 சதவீதம்தான்.

ஆனால் யார் கையில் கட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து அதே கடிகாரம் வேறு கருவியாகிவிடும். ஒரு கணக்குக்காக, இருப்பதையும் இல்லாததையும் 98 சதவீதம் சரியாகச் சொல்லும் ஒரு கருவி என்று வைத்துக்கொள்வோம். நூற்றில் பத்துப் பேருக்கு ஏ.எஃப். இருக்கும் முதியவர்கள் ஆயிரம் பேரிடம் அது 98 பேரைச் சரியாகப் பிடிக்கும், 18 பேரைத் தவறாகப் பிடிக்கும். ஆயிரத்தில் ஒருவருக்கே ஏ.எஃப். இருக்கும் இளைஞர்களிடம் அந்த ஒருவரைப் பிடிக்க 20 பேரைத் தவறாகப் பிடிக்கும். கருவி மாறவில்லை, கூட்டம்தான் மாறியது. இருபத்தைந்து வயதுக்காரருக்கு வரும் எச்சரிக்கைக்கும் எழுபத்தைந்து வயதுக்காரருக்கு வரும் எச்சரிக்கைக்கும் ஒரே கனம் இல்லை.

பிடித்தால் பிழைப்போமா?

ஒரே கருவி மீது நடந்த இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்தால் விஷயம் விளங்கும். பிரிட்டனில் படபடப்போடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து, காரணம் தெரியாமல் திரும்பியவர்களிடம் கார்டியாவைக் கொடுத்து அனுப்பிய ஐபெட் ஆய்வில் (2019), 90 நாளில் படபடப்பு நேரத்துத் தாளம் பதிவானது 55.6 சதவீதம் பேருக்கு. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 9.5 சதவீதம். அதே கருவியை அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், மருத்துவரைப் பார்க்க வந்த 65 வயதுக்கு மேற்பட்ட 30,715 பேர் அடங்கிய வைட்டல் ஏ.எஃப். ஆய்வில் (2022) பயன்படுத்தியபோது, புதிதாக ஏ.எஃப். கண்டறியப்பட்டது 1.72 சதவீதம், கருவி இல்லாத இடங்களில் 1.59 சதவீதம். சொல்லத்தக்க வித்தியாசமே இல்லை. தொந்தரவு இருக்கும்போது விரல் வைப்பதற்கும், வந்த இடத்தில் ஒரு தடவை விரல் வைப்பதற்கும் உள்ள தூரம் இது.

அடிக்கடி வைத்தால் பிடிபடத்தான் செய்யும். வேல்ஸில் 1,001 முதியவர்களை வைத்து நடந்த ரிஹர்ஸ் ஏ.எஃப். ஆய்வில் (2017), வாரம் இரண்டு தடவை ஓராண்டு பதிவு செய்தவர்களில் 19 பேருக்கும், செய்யாதவர்களில் 5 பேருக்கும் ஏ.எஃப். தெரிந்தது. பக்கவாதம் குறைந்ததா என்றால், அந்த எண்ணிக்கையில் உறுதியான வித்தியாசம் இல்லை.

அந்தக் கேள்விக்கென்றே நடந்தது சுவீடனின் ஸ்ட்ரோக்ஸ்டாப் ஆய்வு (2021). 75, 76 வயதுள்ள 28,768 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை விரல் வைக்கும் ஈ.சி.ஜி.க்கு அழைத்தார்கள். இரண்டு வாரம், நாளுக்கு இரண்டு தடவை. அழைத்தவர்களில் பாதிப்பேர்தான் வந்தார்கள். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்து பக்கவாதம், கடும் ரத்தக்கசிவு, மரணம் எல்லாம் சேர்ந்த கணக்கில் அழைக்கப்பட்டவர்களில் 31.9 சதவீதம், மற்றவர்களில் 33.0 சதவீதம். நன்மை இருக்கிறது, ஆனால் மெல்லிய நூலளவு. டென்மார்க்கின் லூப் ஆய்வு (2021) இன்னும் தீவிரம்: 70 முதல் 90 வயதுள்ள 6,004 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலுக்கடியில் பதிவுக் கருவியையே வைத்தார்கள். ஏ.எஃப். 31.8 சதவீதத்தினருக்குப் பிடிபட்டது, கருவி இல்லாதவர்களில் 12.2 சதவீதம். பக்கவாதமும் ரத்தக்கட்டி அடைப்பும் கருவி வைத்தவர்களில் 4.5 சதவீதம், இல்லாதவர்களில் 5.6 சதவீதம். தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய வித்தியாசம்தான்.

ஏன் இப்படி? மும்மடங்கு தேடினால் கிடைக்கும் ஏ.எஃப்.பில் பெரும்பகுதி சில நிமிடமோ சில மணியோ நீடிப்பது. அதன் ஆபத்து, படபடத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வருபவரின் ஏ.எஃப். அளவுக்கு இல்லை. பேஸ்மேக்கர் உள்ளவர்களிடம் நடந்த அசர்ட் ஆய்வின் (2012) பிந்தைய அலசலில், 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தவைதான் பக்கவாத ஆபத்தைத் தெளிவாகக் கூட்டின. இப்படிக் கருவியில் மட்டும் தென்படும் ஏ.எஃப்.புக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை கொடுத்துப் பார்த்தவை இரண்டு ஆய்வுகள், இரண்டும் 2023. எடோக்ஸபான் கொடுத்த நோவா ஆய்வில் 2,536 பேர். உறுதியான பலன் இல்லை, ரத்தக்கசிவு கூடியது, பாதியில் நிறுத்தினார்கள். அபிக்ஸபானை ஆஸ்பிரினுடன் ஒப்பிட்ட ஆர்டீசியாவில் 4,012 பேர். பக்கவாதமும் ரத்தக்கட்டி அடைப்பும் ஆண்டுக்கு 1.24 சதவீதத்திலிருந்து 0.78 சதவீதமாகக் குறைந்தன. பெரும் ரத்தக்கசிவு 0.94 சதவீதத்திலிருந்து 1.71 சதவீதமாக உயர்ந்தது. நூறு பேரில் அரைப் பேரைக் காப்பாற்ற முக்கால் பேருக்கு ரத்தம் கசியவிடும் கணக்கு. ஒரு தடவை பக்கவாதம் வந்தவருக்கு இந்தப் பேரம் கட்டுப்படியாகலாம், மற்றவருக்கு யோசிக்க வேண்டும். கடிகாரம், அதைக் கட்டியவரை இந்தப் பேரத்துக்குள் இழுத்துவிடும் என்பதை வாங்கும் முன் தெரிந்துகொள்வது நல்லது.

ஏ.எஃப். உறுதியானவருக்கு

இங்கேதான் கருவி போட்ட காசுக்கு உழைக்கிறது. ஏ.எஃப். தொடங்கி ஓராண்டுக்குள் தாளத்தைச் சீராக்கும் சிகிச்சையைத் தொடங்கிய ஈஸ்ட் ஏ.எஃப்.நெட் 4 ஆய்வில் (2020), 2,789 பேரில் இதயநோய் மரணம், பக்கவாதம், இதயச் செயலிழப்பு உள்ளிட்ட பாதிப்புகள் நூறு பேருக்கு ஆண்டுக்கு 5.0இலிருந்து 3.9 ஆகக் குறைந்தன. அந்த ஆய்வில் சிகிச்சைப் பிரிவினர் வாரம் இரண்டு தடவை, மேலும் தொந்தரவு வரும்போதெல்லாம் விரல் ஈ.சி.ஜி. எடுத்து அனுப்பினார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாரம் இரண்டு, படபடத்தால் கூடுதலாக ஒன்று: வீட்டிலும் இதே அளவு போதும். நாளுக்குப் பத்து தடவை எடுப்பதால் மருத்துவருக்கு எதுவும் கூடுதலாகத் தெரியப்போவதில்லை, எடுப்பவருக்குப் பயம்தான் கூடும். ஏ.எஃப். உள்ளவர்களில் கடிகாரம் கட்டியவர்கள் கட்டாதவர்களைவிடத் தங்கள் உடல் அறிகுறிகளிலேயே மனம் சிக்கிக்கிடந்ததாக 2024இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. எச்சரிக்கை வரும்போது அவர்களில் ஐந்தில் ஒருவருக்குப் பதற்றம்.

அப்லேஷன் (ஏ.எஃப்.பைத் தூண்டும் இதயத் திசுவைச் சுடும் சிகிச்சை) செய்துகொண்டவர்களுக்குக் கருவி மிகப் பொருத்தம். நோய் திரும்பியதாகக் கணக்கிடும் அளவுகோலே 30 நொடிப் பதிவுதான். ஆனால் முதல் எட்டு வாரத்தில் வரும் ஏ.எஃப். தோல்வியாகக் கொள்ளப்படுவதில்லை. சுட்ட இடம் ஆறும் காலம் அது. அந்த வாரங்களில் கோடு ஒழுங்கில்லாமல் வந்தால் பதிவை மருத்துவருக்கு அனுப்பினால் போதும், மனம் உடைய வேண்டியதில்லை. ஃப்ளெக்கனைடு, ப்ரோபஃபனோன் போன்ற தாளத்தைச் சீராக்கும் மாத்திரையைப் பையில் வைத்திருந்து, ஏ.எஃப். வந்தால் மட்டும் போட்டுக்கொள்ளும்படி மருத்துவர் சொல்லியிருப்பவருக்கும், போடுவதற்கு முன் ஒரு பதிவு, அடங்கியபின் ஒரு பதிவு என்பது நல்ல ஒழுங்கு.

ஒரு தவறு மட்டும் மன்னிக்க முடியாதது. ‘கடிகாரம் மூன்று மாதமாக ஏ.எஃப். காட்டவில்லை’ என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்துவது. மாத்திரை தேவையா என்பதை முடிவு செய்வது வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயச் செயலிழப்பு, பழைய பக்கவாதம் ஆகியவற்றை வைத்துப் போடும் ஆபத்துக் கணக்கு. இன்றைய தாளம் அந்தக் கணக்கில் இல்லை. கடிகாரம் ஏ.எஃப். காட்டும் நாட்களை ஒட்டி மட்டும் மாத்திரை போட்டால் போதுமா என்பதைச் சோதிக்கவே அமெரிக்காவில் ரியாக்ட் ஏ.எஃப். என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். அப்படிச் சோதித்துப் பார்க்க வேண்டிய அளவுக்கு அது தீராத கேள்வி, வீட்டில் தனியாகச் செய்துபார்ப்பதற்கல்ல.

ரத்த அழுத்தக் கருவி

மைக்ரோலைஃபின் வாட்ச்பிபி ஹோம் ஏ போன்றவை, பட்டை காற்றை விடும்போது துடிப்புகளின் இடைவெளியைப் பார்த்து ஏ.எஃப். சந்தேகக் குறியைக் காட்டும். பிரிட்டனில் சிகிச்சைகளை மதிப்பிட்டு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2013இலேயே இதைப் பரிந்துரைத்தது. எப்படியும் தினமும் அழுத்தம் பார்க்கும் முதியவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. புதுப் பழக்கம் எதுவும் வேண்டாம், போன் வேண்டாம். ஆனால் மற்ற பல கருவிகளில் வரும் ‘சீரற்ற துடிப்பு’ இதயச் சின்னத்துக்கு இந்த அர்த்தம் இல்லை. ஒன்றிரண்டு முந்திய துடிப்புக்கும் அது வரும். ஏ.எஃப். இருக்கும்போது அழுத்தத்தின் எண்ணே துடிப்புக்குத் துடிப்பு மாறுவதால், ஒரு தடவை பார்த்து மருந்தளவை மாற்றக் கூடாது. மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும்.

யார் எதை வாங்கலாம்

அவ்வப்போது படபடப்பு வந்து காரணம் தெரியாதவருக்குக் கார்டியா ஆறு லீட் மாதிரி, தயங்காமல். கைப்பையில் கிடக்கும், பேட்டரி சீக்கிரம் தீராது, பி அலை தெரியும். தினம் படபடப்பு வருபவர் அதற்கு முன் மருத்துவரிடம் கேட்டு ஹோல்டர் (நாள் முழுவதும் உடலில் ஒட்டியிருந்து பதியும் ஈ.சி.ஜி.) போட்டுக்கொள்வது மேல். ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். மயங்கி விழுந்தவருக்கு எந்தக் கருவியும் வேண்டாம். விழும்போது விரல் வைக்க யாராலும் முடியாது, அவர் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். ஏ.எஃப். உறுதியாகி, அப்லேஷனோ தாள மருந்தோ எடுப்பவருக்குக் கடிகாரத்தின் வாராந்தர சதவீதம் பயன் தரும், எதற்கும் சட்டென்று பதறாதவராக இருந்தால். இரண்டு சதவீதத்துக்குக் கீழே அது போகாது, ‘2 சதவீதம் அல்லது அதற்குக் குறைவு’ என்றே காட்டும். அதைப் பார்த்து ஏ.எஃப். திரும்பிவிட்டதாக எண்ணிக் கிளம்புகிறவர்கள் உண்டு. எழுபதைத் தாண்டிய, ரத்த அழுத்தம் உள்ள, படபடப்பு எதுவும் இல்லாதவருக்கு ஏ.எஃப். குறியுள்ள அழுத்தக் கருவியே போதும். நாற்பதுக்குக் கீழே, எந்தத் தொந்தரவும் இல்லாதவர் கடிகாரத்தை நேரம் பார்க்க வாங்கட்டும். தாள எச்சரிக்கையை அணைத்து வைத்தாலும் பெரிதாக இழப்பு இல்லை.